மூச்சுக்குக் கொடுத்த ஆக்சிஜன் கண்ணை ஏன் கெடுக்கிறது?

ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேத்தியின் எடை 1,400 கிராம். இப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூடவே, முப்பதாம் நாளுக்குள் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு சீட்டு. "குழந்தை நன்றாகத்தான் முழிக்கிறது. நாற்பது கழியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையணுமா? ஆக்சிஜன் வைத்ததால்தான் கண் கெடும் என்கிறார்களே, அப்படியானால் ஏன் வைத்தார்கள்?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: அலையணும் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நமக்கு வேண்டியது விழித்திரைக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள். உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் ஆக்சிஜனை அதிகம் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரை முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்றரை மாதம் அதற்குள் ஒரு ரத்தக் குழாய்கூடக் கிடையாது. 16-வது வாரம் வாக்கில்தான், பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து முதல் குழாய்கள் கிளம்பி விளிம்பை நோக்கி வளர்கின்றன. அந்த இடம் நட்டநடுவில் இல்லை, மூக்குப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கிறது. அதனால் மூக்குப் பக்க விளிம்பை 36-வது வாரம் வாக்கில் தொட்டுவிடும் குழாய்கள், காதுப் பக்க விளிம்பை எட்ட ஏறக்குறைய 40 வாரம் ஆகிவிடும். 30-வது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரையின் ஓரத்தில் சுற்றிலும் ரத்த ஓட்டமே இல்லாத ஒரு பகுதி மிச்சமிருக்கும்.

இருட்டுக்குள் வளரும் இந்தக் குழாய்களுக்கு யார் வழி சொல்கிறார்கள்? ஆக்சிஜன் இல்லாமைதான். குழாய்களுக்கு முன்னால் ஆஸ்ட்ரோசைட் எனும் நட்சத்திர வடிவச் செல்கள் பரவிப் போகின்றன. ரத்தம் வந்து சேராத இடத்தில் அவற்றுக்கு மூச்சு முட்டும். உடனே வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். குழாயின் முனையிலுள்ள செல் நூல் நூலாகக் கைகளை நீட்டி, அந்தப் புரதம் எங்கே அடர்த்தியோ அந்தப் பக்கம் நகரும். குழாய் வந்து ரத்தம் பாய்ந்ததும் அங்கே மூச்சுமுட்டல் தீரும், சுரப்பு அடங்கும். அடுத்த வரிசைச் செல்கள் சுரக்க ஆரம்பிக்கும்.

மூக்கில்லாத ஒரு செல்லுக்கு ஆக்சிஜன் குறைந்தது எப்படித் தெரிகிறது? எனக்கு இந்தக் கதையில் ஆகப் பிடித்த இடம் இதுதான். செல் ஹிஃப் என்ற ஒரு புரதத்தை ஓயாமல் தயாரிக்கிறது, தயாரித்த சில நிமிடங்களிலேயே அதை அழித்தும் விடுகிறது. அழிக்கும் முறையில்தான் சூட்சுமம். ஒரு நொதி, ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் அணுவைப் பிடுங்கி ஹிஃப்பின் மேல் ஒட்டுகிறது. ஒட்டு விழுந்த ஹிஃப்பை வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் பிடித்துக் குப்பைக்கு அனுப்புகிறது. ஒட்டுவதற்கு ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் ஹிஃப் பிழைத்துக்கொள்ளும். உட்கருவுக்குள் போய், வி.ஈ.ஜி.எஃப். உள்ளிட்ட பல மரபணுக்களை முடுக்கிவிடும்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருவர் "ஊரில் காற்றே இல்லை" என்று ஓயாமல் மனு எழுதுகிறார், பக்கத்தில் நிற்பவர் அதை வாங்கி வாங்கிக் கிழித்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று நிஜமாகவே குறைந்தால் கிழிப்பவர் மயங்கி விழுவார், மனு உள்ளே போய்விடும். காகிதம் வீண்தான். ஆனால் ஆபத்து வந்தபிறகு பேனா தேடி எழுதத் தொடங்குவதைவிட இது எவ்வளவு வேகம்!

இதைக் கண்டுபிடித்ததற்காக கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கெய்லின் மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. செமென்சாவும் ராட்கிளிஃபும் தொடங்கியது கண்ணில் இல்லை. சிவப்பணுக்களைப் பெருக்கும் ஒரு சிறுநீரக ஹார்மோனில். ஆராய்ச்சி நிதி கேட்கும் படிவங்களில் "சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?" என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். "குறைமாதக் குழந்தையின் கண் பிழைக்கும்" என்று இவர்கள் அன்றைக்கு அதில் எழுதியிருக்க முடியுமா?

சரி, பேத்தியிடம் வருவோம். கருவிலிருக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நமக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். குழாய்கள் வளர அந்தக் குறைவு தேவை. முன்கூட்டியே பிறந்துவிட்டால் வெறும் காற்றே அதற்கு அதிகம். சிலிண்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விழித்திரைக்கு வெளியே இருக்கும் கோராய்டு என்ற ரத்தப் படலத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளத் தெரியாது. அதன்வழி வரும் ஆக்சிஜன் மெல்லிய விழித்திரை முழுக்க ஊறிவிடும். ஹிஃப் பூராவும் அழியும், வி.ஈ.ஜி.எஃப். வற்றும், குழாய்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். புதிதாய் முளைத்த சில கருகியும் போகும். இது முதல் கட்டம், வெளியே ஒன்றும் தெரியாது.

சில வாரம் கழித்து விழித்திரையின் செல்கள் முதிர்ந்து வேலையைத் தொடங்குகின்றன, பசி கூடுகிறது. ஓரத்தில் குழாய் இல்லை. இப்போது ஹிஃப் குவிந்து வி.ஈ.ஜி.எஃப். வெள்ளமாகச் சுரக்கும். குழாய்கள் தறிகெட்டு, விழித்திரையை விட்டுக் கண்ணின் நடுப்பகுதிக்குள் முளைத்து, கசிந்து, தழும்பாகச் சுருங்கும். சுருங்கும் தழும்பு விழித்திரையைப் பின்சுவரிலிருந்து பிய்த்து எடுத்துவிடும். ஆர்.ஓ.பி. என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பிறந்த அன்று பார்த்தால் எதுவும் தெரியாது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் காலம் கடந்திருக்கும். முப்பதாம் நாள் என்ற கணக்கு அதனால்தான். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்கச் சொல்கிறார்கள்.

இந்த நோயை முதலில் விவரித்தவர் பாஸ்டனில் இருந்த டெரி, 1942-ல். அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்தார்கள், பெரும்பாலும் வசதியான மருத்துவமனைகளில். 1950-ல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். 1951-ல் மெல்போர்னின் கேட் கேம்பெல் ஆக்சிஜன்மேல் சந்தேகத்தை எழுப்பினார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் இதைச் சோதித்துப் பார்க்க அரசு நிதி கேட்டார். ஆக்சிஜனைக் குறைப்பது குழந்தைகளைக் கொல்வதாகும் என்று மறுத்துவிட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் கடன் வாங்கி நடத்தினார். பரிதாபப்பட்ட நர்சுகள் ராத்திரியில் ஆக்சிஜனைத் திருகிக் கூட்டிவிடுவார்களாம். ஆனாலும் விடை தெளிவாகவே வந்தது.

பிறகு உலகம் மறுபக்கம் சாய்ந்தது. ஆக்சிஜனைக் கண்மூடித்தனமாகக் குறைத்தார்கள். ஒரு குழந்தையின் பார்வையைக் காக்க ஏறத்தாழ 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாம் என்று 1973-ல் கென்னத் கிராஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கணக்குப் போட்டார். 2010-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்விலும், ரத்த ஆக்சிஜனை 85–89 சதவீதத்தில் வைத்தால் கண் நோய் குறைந்தது, சாவு கூடியது. இப்போது பெரும்பாலும் 90-க்கும் 95-க்கும் இடையில் வைக்கிறார்கள். ஏன் வைத்தார்கள் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்: வைக்காவிட்டால் பேத்தியே இருந்திருக்க மாட்டாள்.

அமெரிக்காவில் 1,500 கிராம், 30 வாரம் என்ற வரம்புக்குள் வரும் குழந்தைகளுக்குத்தான் கட்டாயப் பரிசோதனை. இந்தியாவில் 2,000 கிராம், 34 வாரம். ஆக்சிஜனை அளந்து கலந்து கொடுக்கும் பிளெண்டர் இல்லாத இடங்கள் இங்கே அதிகம் என்பதால் கொஞ்சம் பெரிய குழந்தைகளும் மாட்டிக்கொள்கிறார்கள். 1996-ல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பெற்றோரிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றி யாருமே சொல்லவில்லை, பார்வை போனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உங்கள் கையில் இருக்கும் சீட்டின் மதிப்பு அவ்வளவு.

தீட்டு, கண்ணேறு என்று நாற்பது நாள் வாசல் தாண்டாமல் வைக்கும் வழக்கத்தில், நோய்த்தொற்றிலிருந்து காப்பதென்ற அளவில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பெண் குழந்தைக்குப் பேர் வைக்க நாள் பார்ப்பவர்கள் இதற்கும் நல்ல நாள் பார்ப்பதைக் கேள்விப்படும்போது கோபம்தான் வருகிறது. கண்ணில் எண்ணெய், தாய்ப்பால் எதையும் விடாதீர்கள். விழித்திரை அதற்கெல்லாம் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

பரிசோதனை சில நிமிட வேலை. கண்ணின் பாப்பாவை (கருவிழி நடுவிலுள்ள துளையை) விரிக்கச் சொட்டு மருந்து, மரத்துப்போக ஒரு சொட்டு, இமையை விலக்க ஒரு சிறு கம்பிக் கருவி. குழந்தை வீறிட்டு அழும், பார்க்கத்தான் கஷ்டம். அந்த வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது. பிறந்ததிலிருந்தே கண்ணை மூடி வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்த 1998-ஆம் ஆண்டு ஆய்விலும் இந்த நோய் குறையவில்லை.

நோய் முற்றும் நிலையில் இருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர். குழாய் எட்டாத ஓரப் பகுதியை வேண்டுமென்றே சுட்டுவிடுவார்கள். ஓரம் போகும், அங்கிருந்து வரும் வி.ஈ.ஜி.எஃப். நிற்கும், நடுப்பார்வை தப்பும். புற்றுநோய்க்காக உருவாக்கிய பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டு அந்தப் புரதத்தை மடக்குவதும் உண்டு. ஊசி போட்டவர்களுக்கு நோய் மாதக்கணக்கில் கழித்தும் திரும்பலாம், அதனால் விடாமல் காட்ட வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையே தேவைப்படாது, தானாகவே சரியாகிவிடும். ஆனால் முதல் தடவை "பரவாயில்லை" என்று டாக்டர் சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். குழாய்கள் விளிம்பைத் தொடும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார். அதற்குப் பிறகும் கிட்டப்பார்வை, மாறுகண் இந்தக் குழந்தைகளுக்கு அதிகம் வரும் என்பதால், ஒரு வயது வாக்கில் கண்ணாடி வேண்டுமா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.