கேற்கீப்பர்: தமிழில் வாயிலோன்

கேற்கீப்பர் என்றால் திருகோணமலைக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது ரயில் கடவையில் கம்பை இறக்கி ஏற்றுகிற ஆள்தான். ஊடகக் கல்வி படிக்கிற பிள்ளைகள் இதே சொல்லை வேறு பொருளில் கொண்டு திரிகிறார்கள்: எந்தச் செய்தி உள்ளே வரலாம், எது வெளியிலேயே நிற்கட்டும் என்று முடிவெடுக்கிறவர். கொலைச் செய்திகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் இல்லாமல் முடியாது, ஏனென்றால் நாட்டில் நடக்கிற கொலைகள் எல்லாம் நாட்டுக்குத் தெரியவருவதில்லை. வெருகலில் நடந்தது வெருகலோடு நின்றுவிடும். கொழும்பில் நடந்தது ஒரு கிழமைக்கு எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடும்.

சொல் பிறந்தது செய்தி அறையில் இல்லை, குசினியில். குர்ட் லெவின் என்ற உளவியலாளர் ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அமெரிக்காவுக்குப் போனவர். இரண்டாம் உலக யுத்த நேரம், மக்களின் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றுவதென்றால் யாரிடம் பேச வேண்டும் என்று தேடியவர், கடையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் மேசைக்கு வரும் வழியில் பல படலைகள் இருப்பதையும், அனேகமாக எல்லாப் படலையிலும் வீட்டுக்காரியே நிற்பதையும் கண்டார். செய்தியும் இப்படித்தான் போகிறது என்று அவர் போகிற போக்கில் எழுதியது, அவர் இறந்த 1947இல் அச்சில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டவர் டேவிட் மானிங் வைட். ஒரு சிறு நகரப் பத்திரிகையில் தந்திச் செய்திகளைத் தெரிவுசெய்கிற ஆசிரியரிடம், 1949 பெப்ரவரியில் ஒரு கிழமைக்கு, கழித்த தாள்களை எறியாமல் ஒவ்வொன்றிலும் காரணத்தை எழுதி வைக்கச் சொன்னார். வந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அச்சேறியிருந்தது. காரணங்களில் நிறைய 'இடமில்லை' என்பது, மற்றதில் மனுஷனுடைய சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருந்தது.

1965இல் கால்டுங், ரூகே என்ற நோர்வே ஆய்வாளர்கள் இருவர் கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டுப் பத்திரிகைகள் எப்படிப் போட்டன என்று பார்த்து, எது செய்தியாகிறது என்று ஒரு பட்டியலே தந்தார்கள். பெரிய நாடு, பெரிய ஆள், எதிர்பாராதது, கெட்டது, எங்களுக்குக் கிட்டியது என்று அது போகும். கொலை விசயத்தில் கடைசி ஒன்றுதான் ஆளைத் தின்னும், ஏனென்றால் 'எங்களுக்கு' என்பது யாருக்கு? அமெரிக்காவில் குவென் ஐஃபில் என்ற கறுப்பினப் பெண் ஊடகர் 2004இல் 'காணாமல்போன வெள்ளைக்காரி நோய்' என்று, வெள்ளைக்காரப் பெண் காணாமல்போனால் மட்டும் ஊடகம் விழுந்தடித்து ஓடுவதை நக்கலாகச் சொன்னது இதைத்தான்.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருவோம். மூதூரில் ஒரு கத்திக்குத்து, ஒருவர் பலி என்று வையுங்கள். செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற பிரதேச நிருபர் காலையிலேயே வாட்ஸ்அப்பில் மூன்று வரி போட்டுவிடுவார். கொழும்பில் செய்தியைத் தெரிவுசெய்கிற மேசையிலிருந்து திரும்பி வருகிற கேள்விகள்: "படம் இருக்கா? பொலிஸ் பேச்சாளர் சொன்னவரா? சனம் ரோட்டுக்கு இறங்கினதா?" மூன்றுக்கும் இல்லை என்றால் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, கடைசியில் 'மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்' என்ற வழமையான வரி. அந்த வரிக்குப் பிறகு அந்த இறந்தவரைப் பற்றி யாரும் இன்னொரு வரி எழுதுவதில்லை. இதில் மூன்றாவது கேள்வி சும்மா வருவதில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டது தெற்கிலும் பெரிய செய்தியானதில், ஆத்திரத்தோடு ரோட்டுக்கு இறங்கிய சனம் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின் மேல் எறிந்த கல்லுக்கும் பங்குண்டு.

இன்னொன்று மொழி. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிற மாவட்டம் எங்கள் திருகோணமலை, ஆனால் தேசியச் செய்தி என்ற ஒன்று மூன்று மொழியிலும் ஒன்றாக இல்லை. செத்தவர் எந்தச் சமூகம், பிடிபட்டவர் எந்தச் சமூகம் என்று பார்த்தே ஒரு மொழியில் தலைப்பும் இன்னொரு மொழியில் மௌனமும் அமைகிறதை எத்தனை தரம் பார்த்தாயிற்று.

இப்போது தமிழ்ச் சொல். பாடக் குறிப்புகளில் 'வாயிற்காவலர்' என்று போடுகிறார்கள். பிழையில்லை, ஆனால் காவலர் என்றதும் தடுக்கிற ஆள் மட்டும்தான் மனதில் வருகிறார். எங்கள் பேச்சில் படலைக்காவல் என்றும் சொல்லலாம், ஆனால் படலையில் காவல் நிற்பது நாய். எனக்குப் பிடித்தது வாயிலோன். இல்வாய், அதாவது வீட்டின் வாய் என்பதே முன்பின்னாகி வாயில் ஆனது என்று இலக்கணப் போலிக்கு உதாரணம் படித்திருப்பீர்கள். அந்த வாயில் நிற்பவன் வாயிலோன். அவன் தடுப்பவன் மட்டுமில்லை, உள்ளே போய்ச் சேதி சொல்பவனும் அவன்தான்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி கொண்டுவந்ததும் ஒரு கொலைச் செய்திதானே. வாயிலோயே என்று கூப்பிட்டு, அறிவு கெட்ட, முறை தவறிய அரசனின் வாயிலோயே என்று ஏசிவிட்டு, 'கணவனை இழந்தாள் கடையகத்தாள்' என்று போய்ச் சொல்லச் சொல்கிறாள். அவன் போய் என்ன சொன்னான்? முதலில் வாழி வாழி என்று அரசனுக்கு வாழ்த்து. பிறகு இவள் கொற்றவையும் இல்லை, காளியும் இல்லை என்று பயங்கரமான ஒரு வர்ணனை, ஆத்திரத்தோடு நிற்கிறாள் போலும் என்று தன் ஊகம், அப்புறம்தான் அவள் சொல்லிவிட்டது. முறை தவறியவன் என்ற குற்றச்சாட்டை மட்டும் விட்டுவிட்டான்! கையிலிருந்த சிலம்பும் கோபமும் உள்ளே போயின, அதிகாரத்தின் மேலான பழி வாசலிலேயே நின்றுவிட்டது. செய்தி ஆசிரியர் வேலைக்கு இதைவிடத் துல்லியமான விவரிப்பை நான் கண்டதில்லை.

2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரை. ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்பதுதான் படைத்தரப்பின் முதல் கதை, அந்தக் கதையாகவே அது நாட்டுக்குள் போகவிருந்தது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்ற செய்தியாளர் எடுத்த உடல்களின் படங்கள் சுடர் ஒளி பத்திரிகையில் வந்தபோது துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை எல்லாரும் பார்த்தார்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் கைதான விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் வழக்கென்று ஒன்று வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

வாயில் என்ற சொல்லுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு, தூது போகிறவர். அகப்பாடல்களில் பாணனும் தோழியும் வாயில்கள், அவர்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவது வாயில் மறுத்தல். ஆகவே நிருபர் அனுப்பியதை மேசை கழித்துவிடுவதற்கு வாயில் மறுத்தல் என்றே சொல்லலாம், புதுச்சொல் தேவையில்லை. அந்த வேலை முழுவதையும் குறிக்க வாயிற்காப்பு, ஆளைக் குறிக்க வாயிலோன், பெண்களும் இருக்கிற இடத்தில் வாயிலோர். பேஸ்புக்கில் எதை மேலே காட்டுவது என்று தீர்மானிக்கிற அல்கோரிதத்தை ஓன் விகுதி போட்டு ஆளாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, அங்கே வாயிற்காப்பு என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.