அச்சு வெட்டலாமா, ஒவ்வொன்றாகச் செய்யலாமா?

ஒரு பிளாஸ்டிக் மூடி செய்ய வேண்டும். 3டி பிரிண்டர் இருந்தால் வரைபடத்தை ஏற்றிவிட்டு இன்றைக்கே தொடங்கலாம். ஆனால் ஒவ்வொரு மூடிக்கும் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். இன்னொரு வழி, எஃகில் ஓர் அச்சு வெட்டி, உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் அழுத்திச் செலுத்துவது. அச்சு தயாராக வாரக்கணக்கில் ஆகும், செலவும் பெரிது. அதன் பிறகு சில நொடிகளுக்கு ஒரு மூடி வந்து விழும். இரண்டில் எது நல்ல முறை?

எத்தனை மூடி வேண்டும் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. கணக்குக்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். பிரிண்டரில் ஒரு மூடிக்குச் செலவு 50. அச்சு வெட்ட 40,000. அப்புறம் மூடிக்கு 10. நூறு மூடி போதுமென்றால் பிரிண்டரில் மொத்தம் 5,000, அச்சில் 41,000. பத்தாயிரம் மூடிக்குப் பிரிண்டர் 5 லட்சம் கேட்கும், அச்சு 1 லட்சத்து 40 ஆயிரத்தோடு நிற்கும். இரண்டு செலவும் சமமாகிற இடம் சரியாக 1,000 மூடி. அதற்குக் கீழே பிரிண்டர், மேலே அச்சு.

இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு. அந்த 1,000 நமக்குத் தெரியும். எத்தனை விற்கும் என்பதுதான் தெரியாது. அச்சுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. மூடியின் வடிவத்தை யாராவது மாற்றச் சொன்னால் அச்சு பழைய இரும்பு. ஆகவே உற்பத்தி முறையைத் தேர்வதை நான் செலவுக் கணக்கு என்பதைவிடப் பந்தயம் என்றே சொல்வேன்.

இந்தப் பந்தயத்தின் இரண்டு முகத்தையும் பார்த்தவர் ஹென்றி ஃபோர்டு. 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டும் நேரம் ஏறக்குறைய பன்னிரண்டரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு இறங்கியது. மாடல் டி என்ற அந்தக் கார் ஒன்றரைக் கோடி விற்றது. ஃபோர்டின் ஆலைகள் 1927-இல் மாடல் ஏ என்ற புதிய காருக்கு மாற வேண்டி வந்ததும், கிட்டத்தட்ட ஆறு மாதம் உற்பத்தி நின்றது. ஒரே காருக்காக இழைத்து இழைத்துச் செய்த எந்திரங்கள் இன்னொரு காருக்கு உதவவில்லை. வேகத்தைத் தந்த ஏற்பாடுதான் மாற்றத்தையும் தடுத்தது.

பெரும்பாலான தொழிற்சாலைகள் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் ஓடுகின்றன. ஒரே எந்திரத்தில் காலையில் சிவப்பு மூடி, மாலையில் குழாய் இணைப்பு என்று தொகுதி தொகுதியாக, பேச்சு வழக்கில் ‘பேட்ச்’ போட்டு, உற்பத்தி செய்வார்கள். இங்கே தொல்லை தருவது செட்டிங் மாற்றும் நேரம். பழைய அச்சைக் கழற்றிப் புதியதை ஏற்றிச் சரிபார்க்கும் வரை எந்திரம் சும்மா நிற்கும். அந்த நஷ்டத்துக்குப் பயந்து ஒரே தடவையில் நிறையச் செய்துவிட்டால், சரக்கு கிடங்கில் தேங்கி இடத்தையும் பணத்தையும் விழுங்கும்.

நடுவில் எங்கே நிற்பது? அதே 1913-இல் இதற்கு ஒரு சூத்திரம் எழுதியவர் பெயரும் ஃபோர்டு: ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். வெறும் பெயர்ப் பொருத்தம்தான். அவர் கணக்குப்படி, தொகுதியின் சிக்கனமான அளவு செட்டிங் செலவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. செட்டிங் செலவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் தொகுதி பாதியாகும்.

பல காலம் செட்டிங் செலவை ஒரு விதியாக எடுத்துக்கொண்டு, தொகுதியின் அளவை மட்டும் கணக்கிட்டு வந்தார்கள். அந்த விதியையே உடைக்கலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர். 1969-இல் டொயோட்டாவில், 1,000 டன் விசையால் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஆறு மாத வேலையில் அது தொண்ணூறு நிமிடமானது. மேலிடம் மூன்று நிமிடம் கேட்டது. இன்னும் மூன்று மாதத்தில் அதுவும் முடிந்தது. மந்திரம் ஒன்றுமில்லை. எந்திரம் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே முடித்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்தார். அடுத்த அச்சைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பது, கருவிகளை எடுத்து அடுக்குவது எல்லாம் இரண்டாவது வகை. திருகித் திருகி இறுக்க வேண்டிய போல்ட்டுகளுக்குப் பதிலாக ஒரே அசைவில் பிடிக்கும் கவ்விகளை வைத்தார்.

நான்கு மணியிலிருந்து மூன்று நிமிடம் என்றால் எண்பதில் ஒரு பங்கு. செட்டிங் செலவும் அதே அளவு குறைந்ததாக வைத்து ஹாரிஸின் சூத்திரத்தில் போட்டால், தொகுதி ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கும். அதே பிரஸ், அதே ஆட்கள். ஆனால் விற்கிற அளவுக்கு மட்டும் செய்வது இப்போது கட்டுப்படியாகிறது.

எல்லோருக்கும் இந்தச் சுதந்திரம் இல்லை. தட்டைக் கண்ணாடி உருக்கும் உலையை ஏற்றினால் பத்து வருடத்துக்கும் மேல் அணைக்காமல் ஓட்டுவார்கள். ஆறவிட்டால் உலையே வீணாகலாம். அங்கே தொடர் உற்பத்தி தவிர வேறு பேச்சில்லை. கூலியும் கணக்கை மாற்றும்: ஆள் கூலி உயர்ந்த இடத்தில் ரோபோ வாங்குவதும், குறைந்த இடத்தில் கையால் பூட்டுவதும் இரண்டுமே சரியான முடிவாக இருக்க முடியும்.

மூடிக்கு வருவோம். விற்பனை பிடிபடாதபோது பலர் நேராக எஃகு அச்சுக்குப் போவதில்லை. முதல் சில டஜன்களைப் பிரிண்டரில் எடுத்து ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆர்டர் வந்தால் அலுமினியத்தில் ஓர் அச்சு. அலுமினியம் எஃகைவிட மென்மையானது, சீக்கிரம் வெட்டிவிடலாம், சில ஆயிரம் மூடிகளுக்குத் தாங்கும். அது தேய்வதற்குள் மூடியின் வடிவம் எப்படியும் இரண்டு தடவையாவது மாறியிருக்கும்.