வகுப்பில் ஆரம்பித்தது போனிலும் தொடரும்போது

2020 மார்ச்சில் அமெரிக்கப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பிள்ளைகள் இனி நாள் முழுக்கத் திரைக்கு முன்னால்தான் உட்காரப்போகிறார்கள், இணையத்தில் ஒருவரை ஒருவர் சீண்டுவதும் வதைப்பதும் தாறுமாறாகக் கூடப்போகிறது என்று பலரும் பயந்தார்கள். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் அந்த மாதங்களில் மக்கள் கூகுளில் எதைத் தேடினார்கள் என்று எடுத்துப் பார்த்தார்கள். பள்ளியில் நடக்கும் புல்லியிங், அதாவது ஒருவரை விடாமல் சீண்டி வதைப்பது, பற்றிய தேடல்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பள்ளியே இல்லை என்பதால் இது எதிர்பார்த்ததுதான். ஆனால் இணைய புல்லியிங் பற்றிய தேடல்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்திருந்தன. பிள்ளைகள் நேரில் பள்ளிக்குத் திரும்பிய பகுதிகளில் இரண்டும் சேர்ந்தே மறுபடி ஏறின.

தேடல் குறைந்தால் வதை குறைந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் பிள்ளைக்கு இப்படி ஒரு பிரச்சினை என்றால் பெற்றோரும் பிள்ளையும் முதலில் போய் நிற்கிற இடம் கூகுள் என்பதால், ஓரளவு நம்பக்கூடிய அளவுகோல் அது. சரி, அது சொல்வதை யோசித்துப் பாருங்கள். போனில் செலவழித்த நேரம் கூடியிருக்கிறது, போன் வழியாக வரும் வதை மட்டும் குறைந்திருக்கிறது. அப்படியானால் அது எங்கே பிறக்கிறது?

என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்தே வகுப்பில் அவளை 'எலி' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள், அவள் எழுந்து பதில் சொன்னால் பின்பெஞ்சிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வருமாம். இதெதுவும் எங்களுக்குத் தெரியாது. அக்டோபரில், சுற்றுலா போன இடத்தில் அவள் சாப்பிடும்போது யாரோ எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி வகுப்பு குரூப்பில் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அக்கா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் என் பங்குக்கு, "குரூப்பை விட்டு வெளிய வந்துடும்மா" என்றேன். அவள் சொன்னாள்: "வெளிய வந்துட்டா என்ன பேசுறாங்கன்னே தெரியாது சித்தி. அதுதான் இன்னும் பயமா இருக்கு."

நாங்கள் பார்த்தது ஸ்டிக்கரை மட்டும். அதற்கு முந்தைய நான்கு மாதக் கீச்சுச் சத்தம் எங்கள் கணக்கிலேயே வரவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் ஒருவரை ஒருவர் ஓட்டுவதும் கலாய்ப்பதும் எல்லா வகுப்பிலும் உண்டு, அது இல்லாமல் நட்பே இல்லை. அதிலிருந்து புல்லியிங் எங்கே பிரிகிறது என்பதற்கு, 1970களில் ஸ்வீடனில் இந்த ஆராய்ச்சியையே தொடங்கி வைத்த டான் ஒல்வேயஸ் தந்த விளக்கம்தான் இன்றும் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது: நோகடிக்கும் எண்ணம் இருக்க வேண்டும், அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், பாதிக்கப்படுகிறவரால் திருப்பிக் கொடுக்க முடியாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதிலுக்குக் கலாய்க்க முடிந்தவரை அது விளையாட்டு. முடியாமல் போன நாளில் அது வேறொன்றாகிவிடுகிறது, வார்த்தை அதே 'எலி'தான் என்றாலும்.

இதே ஒல்வேயஸ் 2012-இல், இணைய புல்லியிங் பற்றிய பயம் தேவைக்கு மேல் ஊதப்பட்டுவிட்டது என்ற வாதத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். இணையத்தில் வதைக்கப்படும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நேரிலும் வதைக்கப்படுகிறவர்களே, புதிய பாதிக்கப்பட்டவர்களை இணையம் பெரிதாக உருவாக்கிவிடவில்லை என்பது அவர் கணக்கு. அப்போது அது சண்டையைக் கிளப்பியது. ஆனால் 2017-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் லூசி போஸும் வெளியிட்ட ஆய்வு அவர் பக்கம்தான் சாய்ந்தது. இங்கிலாந்தில் 15 வயதுப் பிள்ளைகள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருந்தார்கள். சுமார் 30 சதவீதம் பேர் அடிக்கடி புல்லியிங்குக்கு ஆளாவதாகச் சொன்னார்கள். 27 சதவீதம் பேருக்கு அது நேரில் மட்டும், சுமார் 3 சதவீதம் பேருக்கு நேரிலும் இணையத்திலும். இணையத்தில் மட்டும் என்று சொன்னவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் 406 பேர்.

அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு, அதைத்தான் செய்திகளில் அதிகம் காட்டினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை மனநலத்தில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 5 சதவீதத்தை நேரடி புல்லியிங்கால் விளக்க முடிந்தது, இணைய புல்லியிங்கால் 0.1 சதவீதத்தைத்தான். உடனே இணையத்தில் நடப்பது 50 மடங்கு லேசானது என்று படித்துக்கொள்ளத் தோன்றும். அப்படிப் படிக்கக் கூடாது. ஒரு மாவட்டத்தில் ஒரு வருடத்தில் மக்கள் உடம்பு முடியாமல் படுத்த நாட்களையெல்லாம் கூட்டினால் காய்ச்சலின் பங்கு பெரிதாகவும் பாம்புக்கடியின் பங்கு துளியாகவும் இருக்கும். காரணம் கடிபட்டவர்கள் குறைவு என்பதுதான், கடிபட்டவருக்கு அது லேசு என்பதல்ல. ஊர் மொத்தத்துக்கான அளவு வேறு, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது வேறு.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்ட ஆய்வுகளில் படம் மாறுகிறது. 2014-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. புல்லியிங்குக்கு ஆளான பிள்ளைகளுக்கு உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருவது, ஆளாகாத பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். இணைய புல்லியிங்கில் இந்தத் தொடர்பு நேரடி புல்லியிங்கைவிட வலுவாகத் தெரிந்தது. அந்த 34-இல் இணையத்தைத் தனியாகப் பார்த்தவை மிகச் சில என்பதையும் சொல்ல வேண்டும், எது எதற்குக் காரணம் என்று இந்த வகை ஆய்வுகளால் பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் இங்கிலாந்துக் கணக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது: இணையத்தில் வதைபடும் பிள்ளை பெரும்பாலும் பகலில் பள்ளியிலும் வாங்கிக்கொண்டு வந்து, ராத்திரி போனிலும் வாங்குகிற பிள்ளை. இரண்டு பக்கமும் அடி வாங்குகிற பிள்ளை மோசமான நிலையில் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

திரைக்குப் பின்னால் நடப்பதுதானே, அணைத்துவிட்டால் போச்சு என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே ஒரு பந்து விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது யாரோ எறிந்த ஒரு ஃபிரிஸ்பீ, அதாவது எறிந்து விளையாடும் தட்டு, அவர் மேல் பட்டது. எடுத்துத் திருப்பி எறிந்தார். முன்பின் தெரியாத அந்த இருவரும் அவரையும் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் எறிந்து விளையாடினார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் தங்களுக்குள் மட்டும் எறிய ஆரம்பித்துவிட்டார்கள். தனக்கு அது அவ்வளவு வலித்ததைப் பார்த்துத் திகைத்துப்போன அவர், பிற்பாடு அதையே கணினி விளையாட்டாக்கினார். திரையில் மூன்று உருவங்கள், ஒன்று நீங்கள், கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்தைப் போடுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான் விளையாட்டு. 2003-இல் நவோமி ஐசன்பெர்கரும் அவரும் மற்றொருவரும் சேர்ந்து, ஆட்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து இதை விளையாடவிட்டார்கள். ஒதுக்கப்பட்டபோது மூளையில் உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது, மனம் நொந்ததாகச் சொன்னவர்களுக்கு அது அதிகமாகவே இயங்கியது. அந்தப் பகுதி வேறு பல வேலைகளும் செய்வது, அதனால் 'மூளைக்கு இரண்டு வலியும் ஒன்றே' என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. என்னை அசைத்தது 2004-இல் வந்த அடுத்த ஆய்வுதான். எதிரே ஆடுவது மனிதர்களே இல்லை, வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட பிறகும் ஒதுக்கப்பட்டவர்களின் மனநிலை சரிந்தது. முகம் தெரியாத, பெயர் தெரியாத, உயிரே இல்லாத ஒன்று திரையில் நம்மைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால்கூட நமக்கு வலிக்கிறது. அப்படியிருக்க, பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் தன்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டு வேறு குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று தெரியவரும் 13 வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

அதிகம் நோகடிப்பது எது என்று 2013-இல் சுவிட்சர்லாந்தில் 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 838 பேரிடமே கேட்டார்கள். பல கற்பனை நிகழ்ச்சிகளைக் கொடுத்து எது எவ்வளவு மோசம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். எல்லோர் முன்னாலும் நடப்பது தனியே நடப்பதைவிட மோசம், செய்தது யாரென்று தெரியாதது தெரிந்ததைவிட மோசம் என்றார்கள் பிள்ளைகள். நேரிலா இணையத்திலா என்பது அவற்றுக்கு அடுத்துத்தான் வந்தது. இந்தத் தலைப்பில் நான் படித்ததிலேயே தெளிவான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு பேர் மட்டும் பார்க்கும் ஒரு மோசமான மெசேஜைவிட, மொத்த வகுப்பும் சிரிக்க நடக்கும் ஒரு கேலி அதிகம் வலிக்கலாம். ஆனால் எல்லோர் முன்னாலும் என்பதையும், யாரென்று தெரியாமல் என்பதையும் ஒரே நேரத்தில், எந்தச் செலவும் இல்லாமல், ஒரு ஃபேக் ஐடியால் செய்துவிட முடிகிற இடம் போன். திரும்பத் திரும்ப என்ற ஒல்வேயஸின் நிபந்தனைகூட அங்கே உருமாறிவிடுகிறது. போட்டவன் ஒருமுறைதான் போட்டான், பார்வர்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி நடக்கிறது.

செய்கிறவர் பக்கமும் திரை ஒரு வேலை செய்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில், முன்பின் தெரியாதவர்களை ஜோடி ஜோடியாக சாட்டில் வாதாடவிட்டு, பெயர் தெரிவது, உருவம் தெரிவது, கண்ணுக்குக் கண் பார்ப்பது இவற்றை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 2012-இல் வந்த முடிவு: பேச்சு கடுமையாவதற்கு முக்கியக் காரணம் பெயர் மறைவதைவிடக் கண் பார்வை இல்லாமல் போவதுதான். எதிரே இருப்பவரின் கண் கலங்குவது நேரில் நமக்கு ஒரு தடுப்பு. ஸ்டிக்கர் போடும் பையனுக்கு அந்தத் தடுப்பு கிடைப்பதில்லை.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் கிடைப்பதில்லை, இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. கனடாவின் டொரண்டோவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துச் செய்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், 88 சதவீதச் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். குறுக்கே வந்தது 19 சதவீதத்தில்தான். ஆனால் யாராவது குறுக்கே வந்தபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்தே விநாடிக்குள் புல்லியிங் நின்றது. பத்து விநாடி! குரூப்பில் நாற்பது பேர் பார்த்தும், மற்ற முப்பத்தொன்பது பேரும் சிரிக்கிறார்கள் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

புல்லியிங்கின் பாதிப்பு எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு நேரடி வகையில் மட்டும்தான் நீண்ட சான்று இருக்கிறது. பிரிட்டனில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில், 7 வயதிலும் 11 வயதிலும் அடிக்கடி புல்லியிங்குக்கு ஆளானவர்களுக்கு 50 வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. இன்ஸ்டாகிராமில் வதைபட்ட எந்தப் பிள்ளைக்கும் இன்னும் 50 வயதாகவில்லை.

வகுப்பறையைச் சரிசெய்தால் போனும் சரியாகுமா? பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா என்ற திட்டம், வதைக்கிறவரையும் வதைபடுகிறவரையும்விட நடுவில் நின்று பார்க்கும் பிள்ளைகளைத்தான் பழக்குகிறது. பாடங்கள் நடப்பது வகுப்பில். ஆனால் அந்தப் பள்ளிகளில் இணையத்தில் பாதிக்கப்படுவதும் குறைந்தது என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. எனக்கு இது பாஸ்டன் கணக்கின் மறுபக்கமாகத் தெரிகிறது.

அதனால் உங்கள் வீட்டுப் பிள்ளை போனைப் பார்த்து முகம் சுருங்கினால், போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், மதியம் யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். மார்ஃபிங் செய்த படம், அந்தரங்கப் படம், மிரட்டல் என்று போனால் அது குற்றம், பள்ளியோடு பேசி முடிக்கிற விஷயமில்லை. இந்தியாவில் 1930 இணையக் குற்றத்துக்கும் 1098 குழந்தைகளுக்கும் இருக்கிற எண்கள், இலங்கையில் 1929. 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படத்தை அனுப்பவே வேண்டாம், படத்திலிருந்து உங்கள் போனிலேயே கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை உண்டாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியீட்டை வைத்து அதே படத்தைத் தேடி நீக்குகின்றன.

அக்கா வகுப்பாசிரியரைப் பார்க்கப் போனபோது ஸ்டிக்கரை முதலில் காட்டவில்லை. ஜூனிலிருந்து வரும் கீச்சுச் சத்தத்தைப் பற்றித்தான் பேசினாள். ஆசிரியர் தனக்கும் அது கேட்டிருக்கிறது, விளையாட்டு என்று விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, பெஞ்சுகளை மாற்றிப் போட்டார். அந்த ஸ்டிக்கர் எத்தனை பேர் போனில் இன்னும் இருக்கிறதோ, அதை எங்களால் எண்ண முடியாது. இவள் பக்கத்தில் இப்போது உட்காரும் பெண், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, குரூப்பில் அது மறுபடி வந்த ஒருநாள் "போதும் நிறுத்துங்கப்பா" என்று ஒரு வரி போட்டாளாம். அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.