காலதர்: ‘ஏர் இன்டேக்’ என்பதற்கு ஒரு பழஞ்சொல்

பின்புறத்தில் எஞ்சின் கொண்ட பழைய கேம்பர் வேனின் (உள்ளேயே படுத்துறங்க வசதியுள்ள வேன்) பக்கவாட்டில், கடைசிச் சன்னலுக்கும் பின்னால், தகரத்தில் சில கீற்றுகள் தெரியும். மெக்கானிக்குகள் அவற்றை ‘ஏர் இன்டேக்’ என்பார்கள். தமிழில் பெயர்த்த கையேடுகளிலோ அது ‘காற்று உட்கொள்ளல்’ ஆகிவிடுகிறது. மாத்திரையை உட்கொள்ளலாம், கஞ்சியை உட்கொள்ளலாம். தகரத்துக் கீற்றுக்கு அந்தப் பெயர் எவ்வாறு பொருந்தும் என்பதை மொழிபெயர்த்தவர்தாம் சொல்ல வேண்டும்.

‘இன்’, ‘டேக்’ என்னும் இரு எளிய சொற்களின் கூட்டே ‘இன்டேக்’. இவற்றுள் ‘டேக்’ ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியாகிய பழைய நார்ஸின் ‘டாகா’ என்னும் வினையிலிருந்து வந்தது. வந்த இடத்தில், அதே பொருளுக்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய ‘நிமன்’ என்னும் வினையை அது ஓரங்கட்டிவிட்டது. வட இங்கிலாந்தின் வழக்கில், தரிசு மேட்டுநிலத்திலிருந்து வளைத்து வேலியிட்டுக்கொண்ட நிலத்துக்கும் ‘இன்டேக்’ என்றே பெயர். எந்திரவியலில் இச்சொல் மூன்று பொருள்களைச் சுமக்கிறது: இழுக்கும் செயல், இழுக்கப்படும் அளவு, இழுபடும் வழி. ஆங்கிலத்தில் இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடும். தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் தடுமாறுவார்.

வேனில் இந்த வழி எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் சொல்லும் தெளிவாகும். 1950இல் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டரில் எஞ்சின் பின்னால் இருந்தது, ரேடியேட்டர் இல்லை, குளிர்விப்பதும் காற்றே. ஓடும் வண்டியின் முகத்தில் மோதும் காற்று பின்னால் இருக்கும் எஞ்சினுக்கு நேராகக் கிடைப்பதில்லை. பக்கச்சுவரை ஒட்டி வழுக்கிச் செல்லும் காற்றைக் கீற்றுகள் வழியே உள்ளே வளைத்து இழுப்பது எஞ்சினோடு சுழலும் விசிறியின் வேலை. எஞ்சின் ஓடும்போது மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கீற்றருகே பிடித்தால், அது உள்நோக்கி வளைந்து தகரத்தோடு ஒட்டிக்கொள்ள முயல்வதைக் காணலாம்.

அவ்வாறு நுழையும் காற்றுக்கு இரண்டு வேலைகள் உண்டு: பெட்ரோலை எரிப்பது, எஞ்சினைக் குளிர்விப்பது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 1.6 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே காற்றை இழுக்கும் உருளைகள் (சிலிண்டர்கள்) முற்றாக நிரம்பினாலும் எரிவதற்கு நிமிடத்துக்கு 3200 லிட்டருக்கு மேல் செல்லாது. குளிர்விக்கும் காற்று இதைப்போல் பல மடங்கு. ஆகவே கீற்று குறுகினால் முதலில் தவிப்பது வெப்பத்தைத் தணிக்கும் வேலைதான். டிரான்ஸ்போர்ட்டரின் 1968 முதல் 1971 வரையிலான மாடல்களில் பிறை வடிவில் இருந்த கீற்றுகள், 1.7 லிட்டர் எஞ்சின் சேர்ந்த 1972 மாடலில் பெரிதாக்கப்பட்டதற்கு அதுவே காரணம். உட்புறத்தைப் படுக்கையறையாக மாற்றுபவர்கள், கீற்றில் நுழைந்த காற்று கடந்துசெல்லும் பின்தூணுக்குள் வெப்பத்தடுப்புப் பஞ்சைத் திணித்துவிடுவதும், எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை இற்றுப்போய்க் கீழிருந்து சூடான காற்றே மறுபடி மேலே ஏறுவதும் இதே கேட்டைத்தான் விளைவிக்கும். வெளியே கீற்று திறந்தே இருக்கும். வழி மட்டும் கெட்டிருக்கும்.

‘துளை’, ‘காற்றுவாய்’ ஆகிய சொற்கள் எனக்கு நிறைவு தராமைக்கு இதுவே காரணம். அவை திறப்பை மட்டும் சுட்டுகின்றன; கீற்றில் தொடங்கி விசிறிவரை செல்லும் வழியைச் சுட்டவில்லை. தமிழில் இதற்கு ஆயத்தமான சொல் ஒன்று இருக்கிறது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. இரண்டும் சேர்ந்தது காலதர். பூம்புகார் மாளிகைகளைப் பேசும் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை ‘மான்கண் காலதர்’ என்கிறது: மானின் கண்போல் துளைத்த சாளரம். போர்ச்சுக்கீசிய ‘ஜனேலா’விலிருந்து வந்த ஜன்னல் வீட்டுக்குள் நிலைத்துவிட்டதால் காலதருக்கு இன்று வேலையில்லை, சும்மா இருக்கும் சொல்லைப் பட்டறைக்கு அழைப்பதில் யாருக்கும் இழப்பில்லை. (ஆங்கில ‘விண்டோ’வும் பழைய நார்ஸில் ‘காற்றுக்கண்’ என்றே பொருள்படும்.) பழைய வேன்களில் அடுக்கடுக்காகத் தெரியும் கீற்றுத் தட்டியைத் தனியே குறிக்க வேண்டுமானால், பல கண்களை உடையது என்னும் பொருளில் ‘பலகணி’ இருக்கிறது.

இழுக்கும் செயலுக்கு ‘உள்ளிழுப்பு’ என்பதும், அளவுக்கு ‘உள்ளிழுப்பளவு’ என்பதும் போதும். எஞ்சினின் ‘இன்டேக் வால்வு’க்குக் காலதரை நீட்டக் கூடாது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் அந்த வால்வைக் கடப்பது வெறுங்காற்று அன்று, பெட்ரோல் கலந்த காற்று. அதை ‘உள்ளிழு வால்வு’ என்பதே சரி. எரிவதற்குச் செல்லும் காற்றைப் பொறுத்தவரை, காலதரின் எல்லை கார்புரேட்டருக்கு முன்னால், காற்று வடிகட்டியோடு முடிந்துவிடுகிறது.