துவரைக்குப் புரதம் கூட்டுவது ஏன் கடினம்?

துவரையின் தோலை நீக்கி இரண்டாகப் பிளந்தால் கிடைப்பவை வித்திலைகள். நாம் பருப்பு என்று வேகவைப்பது இவற்றைத்தான். முளைக்கப்போகும் செடிக்குத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு இது: பெரும்பங்கு மாவுச்சத்து, நூற்றுக்கு 20 முதல் 22 பங்கு புரதம்.

புரதம் உருவாக நைட்ரஜன் வேண்டும். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தருகின்றன. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காய் முற்றும் பருவத்தில் இந்த வரத்து போதாது. இலைகளில் இருக்கும் நைட்ரஜனும் விதைக்கு இறங்கிவிடும்.

அப்படியென்றால் புரதம் மிகுந்த செடிகளாகப் பார்த்துப் பெருக்கினால் போதாதா? அங்கேதான் சிக்கல். ஒரு கிராம் குளுக்கோஸைக் கொண்டு செடியால் சுமார் 0.83 கிராம் மாவுச்சத்து செய்ய முடியும். அதையே புரதமாக்கினால் ஏறக்குறைய 0.40 கிராம்தான் தேறும். அதனால் புரதம் ஏறினால் மகசூல் இறங்குவதே பெரும்பாலும் நடக்கிறது.

ஐதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதற்குத் துவரையின் காட்டு உறவுகளிடம் போனார்கள். கஜானஸ் ஸ்காராபியாய்டிஸ் அவற்றில் ஒன்று. கொடியாகப் படரும், விதை சிறியது, ஆனால் புரதம் பயிர்த்துவரையைவிட அதிகம். கலப்புச் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மலராத மொட்டைப் பிரித்து, மகரந்தம் சிந்துமுன் பத்து மகரந்தத் தாள்களையும் இடுக்கியால் நீக்கி, காட்டினத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். பிறக்கும் செடியில் புரதத்தோடு கொடித்தன்மையும் பொடிவிதையும் சேர்ந்தே வரும். தலைமுறை தலைமுறையாக விதைகளைச் சோதித்து வேண்டாததைக் கழித்தபின், 27 சதவீதத்தைத் தாண்டிய புரதமும் ஏற்கத்தக்க விதைப் பருமனும் கொண்ட செடி வழிகள் கிடைத்தன. பயறு ஆராய்ச்சியில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

புரதத்தின் தரம் வேறு கணக்கு. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் லைசின் பருப்பில் நிறைவு, மெத்தியோனின் குறைவு. அரிசியில் இது தலைகீழ். சாம்பார் சாதம் இரண்டையும் ஈடுசெய்துவிடுகிறது.

ரகத்தை எடைபோட சதவீதம் மட்டும் போதாது என்பது என் கருத்து. ஹெக்டேருக்கு 800 கிலோ விளையும் ரகத்தில் புரதம் 22 சதவீதம் என்றால் மொத்தம் 176 கிலோ. 28 சதவீத ரகம் 600 கிலோதான் விளைந்தால் கிடைப்பது 168 கிலோ. மண்டியிலும் பருமனுக்கும் நிறத்துக்கும்தான் விலை. புரதத்துக்கென்று யாரும் கூடுதலாகத் தருவதில்லை. மகசூல் குறையாத ரகமாக இருந்தால்தான் உழவர் விதைப்பார்.