காகிதத்தை இழுத்துப் பாருங்கள்

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் போன வருடம் என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 71. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபின் பிசியோவுக்கு அனுப்பியிருந்தார்கள். "நான் எப்படிம்மா விழுவேன்? ரெண்டு வருஷமா தாய் சி செய்றேனே" என்றார். பொய்யில்லை. மெதுவாக அசைந்து பழகும் இந்தச் சீனக் கலையின் 24 அசைவுகளையும் யூடியூப் பார்த்து வரிசை பிசகாமல் கற்றிருந்தார். யின், யாங், எடை தாங்கும் நிறைகால், எடையில்லாத வெறுங்கால், 'சி' என்னும் உயிர்சக்தி எங்கே எழும்பி எங்கே போகிறது என்று கால் மணி நேரம் எனக்கு வகுப்பே எடுத்தார்.

கேட்டுக்கொண்டே தரையில் மூன்று மீட்டர் தள்ளி ஒரு டேப் ஒட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்து, அதுவரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னேன். 15 வினாடி. 12 வினாடியைத் தொட்டாலே விழும் அபாயம் உண்டா என்று பார்க்கத் தொடங்குவோம். அடுத்து, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். 10 வினாடி போதும். நாலாவது வினாடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முகம் வாடிவிட்டது.

அந்த வாட்டம் எனக்குப் பழக்கமானதுதான். பினாங்கில் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் ஒரு சீனப் பெரியவரிடம் நான் கற்க ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். எல்லாம் கைவந்துவிட்டது என்ற நினைப்பு. ஒருநாள் காலை, முன்காலை மடக்கி நான் நின்றபோது சிஃபு (என் ஆசான்) இரண்டு விரலை என் நெஞ்செலும்பில் வைத்தார். தள்ளவில்லை. வைத்து, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டினார். நான் மூச்சைப் பிடித்தேன், தோள் காதுவரை ஏறியது, பிறகு இரண்டடி பின்னால் போய்த் தடுமாறி நின்றேன். மரத்திலிருந்த குரங்குகள்கூடப் பார்த்துக்கொண்டிருந்தன. "போலே தஹான்?" (தாங்க முடியுமா?) என்று மலாயில் கேட்டுச் சிரித்தார் சிஃபு. இன்றுவரை நோயாளிகளிடம் நான் பயன்படுத்துவது அந்த இரண்டு விரலைத்தான்.

சோதித்துப் பார்ப்பது இந்தக் கலைக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. ஒருவர் கையோடு மற்றவர் கை ஒட்டி, தள்ளியும் இடம் கொடுத்தும் பழகும் 'துய்ஷோ' தாய் சியின் பாதி. தனியாகச் செய்யும் அசைவு சரியா என்று அங்கேதான் தெரியும். 1956-இல் சீனாவில் சுருக்கி அமைத்த 24 அசைவுத் தொகுப்பு உலகப் பூங்காக்களுக்கெல்லாம் போனபோது, அந்தப் பாதி பல இடங்களில் கூடப் போகவில்லை என்பது என் எண்ணம். நம் மலேசியாவில் தாய் சியைப் பரப்பிய ஹுவாங் ஷெங் ஷியான் 1970-இல், 60 வயதில், கூச்சிங்கில் ஒரு மல்யுத்த வீரரை 26–0 என்று வீழ்த்திய கதையைப் பலர் ஆசையாகச் சொல்வார்கள். சொல்பவரின் தோளில் லேசாகக் கை வைத்துப் பாருங்கள், கோபம் வரும்.

தலைமையாசிரியருக்கு நான் கொடுத்த முதல் பாடம் ஒரு ஏ4 தாள். முன்னால் அடி வைக்கும்போது அந்தக் காலுக்குக் கீழே தாளைப் போட்டேன். குதிகால் தரையைத் தொட்ட கணத்தில் நான் தாளை இழுப்பேன். வெறுங்கால் என்று அவர் சொல்லும் கால் உண்மையிலேயே வெறுமையாக இருந்தால் தாள் வழுக்கி வந்துவிடும். முதல் வாரம் முழுக்கத் தாள் கிழிந்தது. கால் தரையைத் தொடும் முன்பே உடம்பு அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஈரத் தரையில் அப்படி அடி வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிறகு இரண்டு எடை பார்க்கும் தராசுகளில் ஒன்றுக்கு ஒரு காலாக நிற்கவைத்தேன். "முன்காலில் 70 விழுக்காடு" என்று அடித்துச் சொன்னார். 64 கிலோ மனிதருக்கு முன்தராசு 45 காட்ட வேண்டும். 35 காட்டியது. "தராசு சரியில்லை" என்றார். மாற்றிப் போட்டேன். அதுவும் அதையே சொன்னது.

நாமே தேர்ந்தெடுத்த வேகத்தில், நமக்குத் தெரிந்த திசையில் அசையும்போது உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. வழுக்கலோ, பேரன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வதோ சொல்லிவிட்டு வருவதில்லை. கணுக்காலும் இடுப்பும் அந்த நொடியில் பதில் சொல்லப் பழக வேண்டும். அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 670 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சி குழுவில் விழுவது 58 விழுக்காடு குறைந்தது. அவர்களுக்குக் கற்பித்தது 24 அசைவு அல்ல. எட்டே எட்டு அசைவு, அதையும் சமநிலைப் பயிற்சிக்கென்றே மாற்றி அமைத்திருந்தார்கள். ஆறு மாதம், வாரம் இருமுறை.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை யாரும் அம்மா அப்பாவைத் தள்ளிப் பார்க்க வேண்டாம். எலும்புத் தேய்மானம், இடுப்பு மாற்று அறுவை, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வீட்டில் தள்ளும் சோதனையே கூடாது. பிசியோ பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்யலாம். மற்றவர்களும் சமையலறை மேடைக்குப் பக்கத்தில், ஒருவர் துணையோடு, உலர்ந்த தரையில் பாருங்கள். பனி ஈரம் காயாத புல்லில் ஒற்றைக்கால் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை போடுபவர்கள், எழுந்ததும் கண் இருட்டுகிறது என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பசியாறாமல் வந்து என் கிளினிக்கில் மயங்கியவர்களும் உண்டு!

12 வாரம் கழித்து, எழுந்து நடந்து திரும்பி உட்காரத் தலைமையாசிரியருக்கு 11 வினாடி. ஒரே கோட்டில், வலதுகால் முன்னால் என்றால் 10 வினாடி நிற்கிறார், இடதுகால் முன்னால் என்றால் ஆறுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனிடம் 513 படியும் ஏறியே தீருவேன் என்கிறார். ஏறுவது இருக்கட்டும், இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை என்றேன். அதற்காக இப்போது கிளினிக் வாசலில் இருக்கும் நாலு படியில் ஏறி இறங்குகிறோம். நடுப்படியில் நிறுத்தி, "இதில் வெறுங்கால் எது ஐயா?" என்று கேட்டால், வாயைத் திறக்காமல் காலைத் தூக்கிக் காட்டுகிறார்.