வந்த அன்றே விருந்து வேண்டாம்

"டொக்டர், மூன்று நாளாக இது ஒன்றுமே தின்னவில்லை" என்றபடி கொக்குவிலிலிருந்து ஓர் அம்மா ஒரு பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயது ஆறு. வளர்த்த குடும்பம் கனடாவுக்குப் போய்விட, இவர் கைக்கு வந்த நாய். யாழ்ப்பாணத்தில் சின்ன நாய்கள் வீடு மாறுவதற்கு விமான டிக்கெட்டும் ஒரு காரணம்.

என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். விரல் மடித்தார். சோறும் மீனும், பாலும் பாணும், அவித்த முட்டை, கோழி ஈரல், கடையில் வாங்கிய நாய்த்தீனி, புட்டு. எதையும் மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறதாம். "மேரி பிஸ்கட்டைக் கையில் வைத்துக் கெஞ்சினால் மட்டும் வாங்கும்." எத்தனை? "ஒரு நாளைக்கு ஆறேழு இருக்கும்."

தராசில் வைத்தேன். 3 கிலோ. இந்த அளவுள்ள நாய்க்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் 25 முதல் 30 கலோரி இருக்கும். கணக்குப் பார்த்தால் நாய் பட்டினி கிடக்கவில்லை. தேவையில் முக்கால் பங்கைப் பிஸ்கட்டிலேயே எடுத்துக்கொண்டு, மற்றதை ஒதுக்கப் பழகிவிட்டது. நம் கைக்கு ஒரு பிஸ்கட் அற்பம். 3 கிலோ உடம்புக்கு அது ஒரு கவளச் சோறு.

இருந்தாலும் புது வீட்டுப் பயத்தில்தான் மற்றதை ஒதுக்குகிறது என்று நானாகத் தீர்மானித்துவிட முடியாது. காய்ச்சல் இல்லை, முரசு (பல் ஈறு) நல்ல இளஞ்சிவப்பு, வயிறு மென்மையாக இருந்தது. பல்லையும் பார்த்தேன். சின்ன இன நாய்களுக்குச் சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்து நிற்கும்; காரை படிந்து முரசு புண்ணாகியிருந்தால் பசியிருந்தும் தின்னாது. இதற்கு அதுவும் இல்லை.

அவித்த கோழியில் நாலு துண்டைப் பிய்த்து, ஒரு சில்வர் மூடியில் போட்டு அறை மூலையில் வைத்தேன். நாங்கள் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலோரம் நின்று மழையைப் பற்றிப் பேசினோம். கொஞ்ச நேரத்தில் மூடி தரையில் உரசும் சத்தம் கேட்டது. அம்மா சட்டென்று திரும்பினார். சத்தம் நின்றுவிட்டது.

புது வீட்டுக்கு வரும் நாய்க்கு மணம் புதிது, குரல் புதிது, தரையின் குளிர்ச்சிகூடப் புதிது. பயந்த உடம்பு முதலில் பசியைத்தான் அடக்கும். அந்த நேரத்தில் வீட்டார், அயலார், ரியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் கோப்பையைச் சுற்றி நின்று "தின்னு, தின்னு" என்றால் அதற்கு அது அன்பாகப் படாது. கண் இமைக்காமல் பார்ப்பது நாயின் மொழியில் மிரட்டல். வந்த அன்றே கிணற்றடிக்கு இழுத்துப்போய்ச் சவர்க்காரம் போட்டு வாளி வாளியாக ஊற்றுவது நம்மவர் வழக்கம். உண்ணி மொய்த்திருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். குளிப்பு ஒரு கிழமை பொறுக்கும். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று கிழமை, இது என் வீடு என்று படுக்க மூன்று மாதம் என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. ஏறக்குறைய அப்படித்தான் நானும் பார்த்திருக்கிறேன்.

நாயைத் தருகிறவர்கள் விமானம் ஏறுமுன் கேட்டு வையுங்கள்: என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பையில்? அது படுத்த பழைய சீலையையும் தோய்க்காமல் வாங்கி வாருங்கள். முதல் சில நாட்கள் பழைய வீட்டுச் சாப்பாடே போகட்டும், அது அவ்வளவு நல்ல சாப்பாடாக இல்லாவிட்டாலும். பிறகு கால் பங்கு புதியது, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று 7 முதல் 10 நாளில் மாற்றலாம். காலையும் மாலையும் ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள். இருபது நிமிடத்தில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். நடுவில் பிஸ்கட் கிடையாது. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வளர்ந்த நாய் தண்ணீர் குடித்து, உசாராகவும் இருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். அதற்குமேல் ஒன்றும் தின்னாவிட்டாலோ, சத்தி, வயிற்றோட்டம், சோர்வு என்று எதைக் கண்டாலோ காத்திருக்க வேண்டாம்.

குட்டிக்கு இந்தப் பொறுமை ஆகாது. சத்தி எடுக்கும் என்று பயந்து பட்டினி போட்டு, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் மட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்ட குட்டிகள் விடியற்காலையில் கழுத்துத் தொங்க என் மேசைக்கு வந்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சின்ன இனக் குட்டிக்குச் சேமிப்பு இல்லை; சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். தள்ளாடும், நடுங்கும், பிறகு எழும்பாது. சீனிக் கரைசலையோ தேனையோ விரலில் தொட்டு முரசில் தடவிக்கொண்டே புறப்படுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும். அந்த வயதில் நாளுக்கு நாலு வேளை சாப்பாடு. தடுப்பூசி போடாத குட்டி சத்தியோடு இரத்தமாகவும் கழிந்தால் அது இடம் மாறிய ஏக்கமல்ல, பார்வோ வைரஸாக இருக்கலாம், அன்றே வாருங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. நேற்றுவரை மீன் தின்ற நாய்க்குக் கொடியேற்றத்தன்று சொதியும் சோறும் வைப்பார்கள். சொதியில் தேங்காய்ப்பால் கொழுப்பும் வெங்காயமும் இருக்கின்றன. வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. நாய்த்தீனியை ஒரு கிழமை முன்பே வாங்கிப் பழக்கினால் விரதமும் குலையாது, நாயின் வயிறும் குலையாது. முந்திரிகைப்பழம் (திராட்சை) இன்னொன்று. பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடப்பதைப் பெரிய நாய் ஒன்றிரண்டு தின்று தப்பலாம். 3 கிலோ நாய்க்கு ஒரு பிடியே சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதும். காய்ச்சல் போல் இருக்கிறதென்று, நாய்க்கு ஆபத்தான பனடோலைக் கொடுப்பவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் கொக்குவில் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பிஸ்கட்டை நிறுத்திவிட்டாராம். கோப்பை இப்போது குசினிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறதாம். "தின்கிறது டொக்டர். ஆனால் நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுகிறது."

"அப்படியானால் எட்டிப் பார்க்காதீர்கள் அம்மா" என்றேன்.